காகித நுணுக்குக்காட்டியும் கொப்புளம் விழுந்த கொழுந்தும்: ஃபோல்ட்ஸ்கோப் மலைநாட்டுக்குச் சரிவருமா?

தாளை மடித்துச் செய்யும் நுணுக்குக்காட்டியான ஃபோல்ட்ஸ்கோப்பை வாங்கியவர்கள் முதலில் சொல்லும் முறைப்பாடு "ஒன்றுமே தெரியவில்லை" என்பதுதான். தாளைக் குறை சொல்ல வேண்டாம், வில்லையையும் குறை சொல்ல வேண்டாம். அநேகமாக, பொருளை வைத்துப் பார்க்கும் வழுக்கி தலைகீழாகப் போயிருக்கும்.

கணக்குப் போட்டால் காரணம் விளங்கும். இதன் வில்லை 2.38 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒரு கண்ணாடிக் குண்டு. பாசிமணி அளவு. போரோசிலிக்கேற்றுக் கண்ணாடியின் முறிவுச் சுட்டி 1.52 அளவில் இருப்பதால், குண்டின் மையத்திலிருந்து குவியத் தூரம் 1.75 மில்லிமீற்றர் வரும். அதில் குண்டின் ஆரை 1.19ஐக் கழித்தால், குண்டின் மேற்பரப்புக்கும் பார்க்கிற பொருளுக்கும் நடுவில் மிஞ்சுவது அரை மில்லிமீற்றரும் சொச்சமும். பாடசாலையில் பாவிக்கும் கண்ணாடி வழுக்கி ஒரு மில்லிமீற்றர் தடிப்பு. அந்தக் கண்ணாடி நடுவில் வந்துவிட்டால் எவ்வளவு இழுத்தாலும் தள்ளினாலும் உரு குவியாது. பொருளை மூடும் மெல்லிய கண்ணாடியான கவர் ஸ்லிப்போ 0.17 மில்லிமீற்றர்தான், அது இடைஞ்சல் இல்லை. ஆகவே கவர் ஸ்லிப் உங்கள் கண் இருக்கும் பக்கம் பார்த்தபடி இருக்க வேண்டும். வழுக்கியின் மூலையில் ஒரு புள்ளி வைத்து "இந்தப் பக்கம் கண்ணுக்கு" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தால் முறைப்பாட்டில் பாதி அன்றைக்கே தீர்ந்துவிடும்.

அதே காரணத்தால் தண்ணீர்த் துளியும் அளவோடு இருக்க வேண்டும். துளி பெரிதானால் கவர் ஸ்லிப் தண்ணீரில் மிதக்கும், பொருள் அடியில் கிடக்கும், குவியம் எட்டாது. ரிஷூ தாளின் நுனியைக் கவர் ஸ்லிப் விளிம்பில் தொட்டு மிச்சத் தண்ணீரை உறிஞ்ச விடுங்கள். கவர் ஸ்லிப் அசையாமல் ஒட்டி நின்றால் போதும்.

பெட்டிக்குள் வருவது வண்ணம் அச்சிட்ட தாள், வில்லை, காந்தங்கள், போனில் ஒட்டும் வளையம், கொஞ்சம் வழுக்கி, ஒட்டுத்தாள். தனியாள் பெட்டிக்கும் வகுப்புப் பெட்டிக்கும் உள்ளிருப்பது வித்தியாசப்படும். தாள் தண்ணீர் புகாத செயற்கைத் தாள். ஹட்டன் மழையில் நனைந்தாலும் கஞ்சியாகாது. இந்த ஒரு விடயத்தில் விளம்பரம் சொல்வதை அப்படியே நம்பலாம்.

மடிப்பது கடினமில்லை, அவசரப்படக் கூடாது. துளைக்கோட்டில் பிரித்தெடுத்ததும் விளிம்புகளில் சின்னச் சின்னப் பிசிறு நிற்கும். அதைப் பிளேட்டால் சீவிவிட்டுத்தான் மடிக்க வேண்டும். விட்டுவிட்டால் மேடை இழுபடும்போது பிசிறில் தடக்கித் தடக்கி நகரும், பார்த்துக்கொண்டிருந்த கலம் திடீரென்று ஓடிவிடும். ஒவ்வொரு மடிப்புக் கோட்டையும் முன்னும் பின்னும் மடித்து, கரண்டிக் காம்பால் அழுத்தித் தேய்த்த பிறகு அடுத்ததுக்குப் போங்கள். நிறத்துக்கு நிறம் சேர்த்துச் செருகினால் பாகங்கள் தாமாகவே இடத்துக்கு வரும். வில்லையை விளிம்பில் மட்டும் பிடியுங்கள். விரல் எண்ணெய் பட்ட குண்டு எல்லாவற்றையும் பால் கலந்த மாதிரிக் காட்டும். செய்து முடித்ததும் வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்தால் முழு வட்டம் தெரிய வேண்டும். பிறை மாதிரி ஒரு பக்கம் இருண்டிருந்தால் ஏதோ ஒரு செருகல் முழுதாக உள்ளே போகவில்லை. தாள் மடிப்புத்தான் வில்லைத் துளையையும் ஒளித் துளையையும் ஒரே கோட்டில் நிறுத்துகிறது. நேராக்கித் தர வேறு திருகாணி கிடையாது.

முதல் தடவைக்கு அரை மணித்தியாலம் ஒதுக்குங்கள். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பென்றால் இரண்டு பாடவேளை, மடிப்புக்கு ஒன்று, பார்ப்பதற்கு ஒன்று. ஒரே பாடவேளையில் இரண்டையும் திணித்தால் இரண்டும் கெடும்.

இதை வடிவமைத்தவர் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் உயிரியல் பொறியியல் பேராசிரியர் மனு பிரகாஷ். கான்பூர் ஐ.ஐ.ரி.யில் கணினி விஞ்ஞானம் படித்து, எம்.ஐ.ரி.யில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். 2016இல், படைப்பாற்றல் உள்ளவர்களுக்கு அமெரிக்காவில் கொடுக்கும் மக்ஆர்தர் நிதியம் பெற்றார். அடுத்த ஆண்டு அவருடைய குழு நூலும் காகிதத் தட்டும் கொண்டு, வேகமாகச் சுற்றிக் கலவையைப் பிரிக்கும் ஒரு மையநீக்கியை வெளியிட்டது. பெரிய பொத்தானில் நூல் கோத்து இரண்டு கையாலும் இழுத்து "ஸ்ஸ்" என்று சுற்றுவோமே, அந்த விளையாட்டுத்தான். நிமிடத்துக்கு 125,000 சுற்று போய், ஒன்றரை நிமிடத்தில் குருதியிலிருந்து திரவவிழையத்தை (பிளாஸ்மாவை) பிரித்துவிடும். விலை கூடிய கருவி செய்வதை, அதன் பௌதிகத்தைக் கெடுக்காமல் மலிவான பொருளில் செய்ய முடியுமா என்பதே அவர் தொழிலின் ஒரே கேள்வி என்று சொல்லலாம். ஃபோல்ட்ஸ்கோப்பில் அந்தக் கேள்விக்குப் பாதி ஆம், பாதி இல்லை.

இங்கே வாங்குபவர்கள் ஏமாறக் கூடிய ஒரு இடம் இருக்கிறது. 2014இல் அவரும் ஜேம்ஸ் சிபுல்ஸ்கி, ஜேம்ஸ் கிளெமென்ட்ஸ் ஆகியோரும் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை 2,000 மடங்குக்கு மேல் உருப்பெருக்கம், 800 நனோமீற்றர் பிரிவலு (தனித்தனியாகப் பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய இடைவெளி), பாகங்களின் செலவு 1 டொலருக்குக் குறைவு என்று சொன்னது. செய்திகள் இன்றைக்கும் அதையே திருப்பிச் சொல்கின்றன. கையில் வரும் பெட்டியோ 140 மடங்கு, 2 மைக்ரோமீற்றர், அதாவது 2,000 நனோமீற்றர். இரண்டும் பொய்யில்லை, வில்லைகள்தான் வேறு. 2,000 மடங்குக்குப் போக 0.2 மில்லிமீற்றர் நீலக்கல் குண்டு வேண்டும். இரத்தினபுரி நீலம் என்று நினைக்க வேண்டாம், அதே இனப் பளிங்கு, நிறமற்றது. முன்னே போட்ட கணக்கை இதற்கும் போட்டால், குண்டுக்கும் பொருளுக்கும் இடையில் 15 மைக்ரோமீற்றர் அளவுதான் இடமிருக்கும். கவர் ஸ்லிப்பே அதைப் போலப் பத்து மடங்குக்கு மேல் தடிப்பு. அப்படியான வில்லையோடு எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒரு கொழுந்தைப் பார்க்க முடியாது. 140 மடங்கோடு நிறுத்தியது கஞ்சத்தனம் இல்லை, சரியான முடிவு. விளம்பரத்திலும் அதையே பெரிய எழுத்தில் போட்டிருக்கலாம்.

இனி நம் ஊர்க் காற்று. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸ் அளவு. விடியக் காலைக் குளிரில் இருந்த வில்லையைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்தால், கண்ணீர் ஆவியும் மூச்சும் பட்டு ஒரு நிமிடத்தில் பனி பிடிக்கும். துடைக்கப் போகாதீர்கள், துடைத்தால் கீறும். சட்டைப் பைக்குள் இரண்டு நிமிடம் வைத்து உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாக்கினால் பிறகு பனி பிடிக்காது. தென்மேல் பருவக்காற்றில், மே முதல் செப்டெம்பர் வரை, மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் சுவரே வியர்க்கும். அந்த ஈரத்தில் தாளுக்கு ஒன்றும் ஆகாது. பூஞ்சணம் பிடிப்பது வில்லையில், துரு ஏறுவது பூச்சு உரிந்த காந்தத்தில், விட்டுப்போவது ஒட்டுத்தாளில். இறுக்கமாக மூடும் பால்மாத் தகரத்தில், சப்பாத்துப் பெட்டியோடு வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் மூன்று நான்கு போட்டு வைத்தால் பிரச்சினை முடிந்தது. மலையின் மறுபக்கம், பண்டாரவளை, ஹப்புத்தளை ஊர்களுக்கு அதே மாதங்களில் வெயில் காலம். அங்கே இவ்வளவு பாடில்லை.

மூடுபனி ஒரு நல்ல காரியமும் செய்கிறது. இந்தக் கருவிக்குச் சீராகப் பரவிய வெள்ளை ஒளி வேண்டும். மூடுபனி நாளில் ஜன்னலைப் பார்த்துப் பிடித்தால் வட்டம் முழுக்க ஒரே வெளிச்சம், கண்ணுக்கும் இதம். வெயில் நாளில் வெள்ளைச் சுவரைப் பார்த்துப் பிடியுங்கள். சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது, வில்லை கண்ணுக்குள் ஒளியைக் குவித்துவிடும். இருட்டு வகுப்பறை என்றால் போன் டோர்ச்சின் முன்னால் ஒரு மடிப்பு வெள்ளைத் தாள் பிடித்தால் போதும். நிறமில்லாத பொருள் கண்ணில் படவில்லையென்றால் கறுப்பு மட்டையில் குண்டூசித் துளை போட்டு ஒளித் துளைக்குப் பின்னால் பிடியுங்கள். ஒளிக்கற்றை குறுகும்போது விளிம்புகள் கறுத்துத் தெரியும். கூட்டு நுணுக்குக்காட்டியில் ஒளித்திரையை மூடும் அதே வேலைதான்.

பார்ப்பதற்கு முதல் பொருளாக வெங்காயத் தோலைத்தான் எல்லோரும் சொல்வார்கள். நுவரெலியா லீக்ஸ் அதைவிட நல்லது. வெள்ளைத் தண்டின் ஒரு மடலை ஒடித்து இழுத்தால் மெல்லிய தோல் நீளமாக உரியும். அதை ஒரு சதுர சென்ரிமீற்றர் வெட்டி, சுருங்காமல் தண்ணீரில் விரித்து, ஒரு பக்கமிருந்து சாய்வாகக் கவர் ஸ்லிப்பை இறக்குங்கள். நேரே போட்டால் காற்றுக் குமிழ் மாட்டும். கறுத்த விளிம்போடு பளபளக்கும் வட்டங்கள் குமிழ்கள்தான், கலங்கள் இல்லை. புதியவர்கள் படம் வரைந்து பெயரும் குறிப்பது பெரும்பாலும் இந்தக் குமிழ்களைத்தான். அடுத்ததாக வெலிமடை உருளைக்கிழங்கு. வெட்டிய முகத்தைக் குண்டூசித் தலையால் சுரண்டி, அந்த அளவே எடுத்தால் மாப்பொருள் மணிகள் சிப்பி மாதிரி வரிவரியாகத் தெரியும், பெரியவை 100 மைக்ரோமீற்றர் வரை இருக்கும். அயடீன் போடுவதானால் ஒரு துளிக்கு பத்துத் துளி தண்ணீர் கலக்குங்கள். அப்படியே விட்டால் எல்லாம் கறுப்புக் கூழாங்கற்கள்.

தேயிலைக்கு வருவோம். இந்தக் கருவி இங்கே வாங்கத் தகுந்ததாவது இதற்காகத்தான்.

இலைவாய் பார்க்க, முற்றிய நாலாம் இலையை எடுங்கள். மொட்டிலும் இளம் இலையின் அடியிலும் ரோமம் நிறைய இருப்பதால் அச்சு ஒழுங்காக விழாது. அடிப்பக்கம்தான் வேண்டும், தேயிலைக்கு இலைவாய்கள் அங்கேதான் இருக்கின்றன. நிறமில்லாத கியூடெக்ஸை மெல்லியதாக ஒரு பூச்சு பூசி, காய்ந்ததும் செலோடேப்பை ஒட்டி உரித்து, டேப்போடு வழுக்கியில் ஒட்டுங்கள். பத்து நிமிடத்தில் காயும் என்று புத்தகம் சொல்லும். மழை நாளில் அதுவே வெள்ளை வெளேரென்று பால் மாதிரிப் போய்விடும். கரைப்பான் ஆவியாகும்போது பூச்சு குளிர்ந்து காற்றின் ஈரத்தைத் தன்மேல் படிய விடுகிறது, காரணம் அவ்வளவே. கியூடெக்ஸில் குறை இல்லை. பூசிய இலையை மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு அரை மணித்தியாலம் வைத்தால் தெளிவாகக் காயும்.

வெள்ளி நுனித் தேயிலையின் வெள்ளி எங்கிருந்து வருகிறது என்று பிள்ளைகள் கேட்டால் மொட்டைச் சுரண்டிக் காட்டுங்கள். நீண்ட, ஒற்றைக் கலத்தாலான ரோமங்கள், கண்ணாடி நார் மாதிரிக் குவிந்து கிடக்கும். தண்ணீர் தேவையில்லை, டேப்பே போதும்.

கொப்புள நோய்தான் சோதனைக்குரிய இடம். 1946இல் இலங்கைக்கு வந்த, இந்த நோயைத் தரும் பங்கசு (பூஞ்சணம்) இன்றைக்கும் மழை மாதங்களில் உயர்ந்த மலைகளின் கொழுந்தைத் தின்கிறது. இளம் இலையை மட்டும் பிடிக்கும், இலை நனைந்திருந்தால்தான் அதன் விதை போன்ற வித்தி முளைக்கும், வெயில் பட்டால் செத்துவிடும். கவ்வாத்து வெட்டி மீண்டு தளிர்க்கும் மலைகளில் அதிகம் பரவுவது இதனால்தான், அங்கே எல்லாமே இளம் இலை. இலையின் மேல்பக்கம் பள்ளமாக, அடிப்பக்கம் வெள்ளைத் தூளோடு மேடாக இருக்கும் கொப்புளத்தைத் தேர்ந்தெடுங்கள். பச்சையாகவோ எண்ணெய்ப் பொட்டு மாதிரியோ இருப்பதில் வித்தி இன்னும் வந்திருக்காது, கறுத்ததில் முடிந்துபோயிருக்கும். வெள்ளை மேட்டில் டேப்பை மெதுவாகத் தொட்டு எடுங்கள், அழுத்தினால் இலைக் கூழும் சேர்ந்து வரும். வித்திகள் நிறமில்லாதவை, ஆகவே மெதிலீன் நீலம் ஒரு துளி வேண்டும். அப்போது நீண்ட நீலத் துகள்களாகத் தெரியும். உருவம் தெரியும், எண்ணிக்கை எடுக்கலாம், உள்ளமைப்பு தெரியாது. "இது கொப்புள நோய்" என்று முடிவு சொல்ல அது போதாது. அதைச் சொல்வது கொப்புளத்தின் வடிவம், வித்தி துணைச் சாட்சி மட்டும். வேறு நோய் என்று சந்தேகம் இருந்தால் இலையைத் தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்துக்கு எடுத்துப் போவதே முறை.

கோப்பி இலையில் துரு மாதிரிப் படியும் கோப்பி ரஸ்ட் நோய் அதைவிடச் சுலபம், அதைவிடச் சுவாரசியமும். வீட்டுத் தோட்டத்துக் கோப்பிச் செடியின் இலையைத் திருப்பினால் செம்மஞ்சள் தூள் இருக்கும். வழுக்கியில் தட்டி, ஒரு துளி தண்ணீர், கவர் ஸ்லிப். சாயமே வேண்டாம், தன் நிறத்திலேயே நிற்கும். வித்திகள் 30 மைக்ரோமீற்றர் அளவு, சிறுநீரக வடிவம், முதுகு முள், வயிறு வழுவழுப்பு. இந்தப் பங்கசின் ஹெமிலியா என்ற பெயரே பாதி வழுவழுப்பு என்ற பொருளில் வைத்ததுதான். 140 மடங்கில் முள் ஒவ்வொன்றாகத் தெரியாது, முதுகுப்பக்கக் கோடு சொரசொரப்பாகத் தெரியும். 1869இல் மடுல்சீமைப் பக்கம் கண்டெடுக்கப்பட்டு, பேராதனைத் தாவரவியல் பூங்காவிலிருந்து இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு, பாதிரியார் பெர்க்லி பெயர் வைத்த பங்கசு இது. ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் தேயிலை போட்டது அதற்கு இரண்டு ஆண்டு முந்தி, 1867இல். கோப்பிக் காலத்து மலைகளைத் தேயிலை மலைகளாக்கியது அந்தத் தூள்தான். ஏழாம் வகுப்பு வரலாற்றுப் பாடத்தையும் விஞ்ஞானப் பாடத்தையும் ஒரே வழுக்கியில் எடுக்கக் கூடிய சந்தர்ப்பம் வேறு அதிகம் கிடைக்காது.

தேயிலைத் தூளில் வேறு இலை கலந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு பழைய முறை உண்டு. தேயிலை இலைக்குள் தடித்த சுவரோடு கிளைவிட்ட கலங்கள் இருக்கும், நட்சத்திரமும் இல்லை எலும்பும் இல்லை என்ற ஒரு வடிவம். தூளை 5 சதவீத சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் மெதுவாகச் சூடாக்கி, இளகியதும் நன்றாகக் கழுவி, வழுக்கியில் வைத்துக் கவர் ஸ்லிப்பால் நசுக்கினால் அவை வெளியே வரும். இது உயர்தர வகுப்பு (A/L) ஆய்வுகூடத்தில், கண்ணாடியும் கையுறையும் போட்டு, ஆசிரியர் பக்கத்தில் நின்று செய்ய வேண்டிய வேலை. அந்தக் கலங்கள் இருந்தால் தேயிலை இருக்கிறது என்று மட்டும் அர்த்தம். சீனி, சாயம் கலந்திருந்தால் இதில் தெரியாது.

தேயிலையைத் தாக்கும் செஞ்சிலந்திக்கு இதை எடுக்கவே வேண்டாம். அரை மில்லிமீற்றருக்கும் கொஞ்சம் குறைந்த பூச்சி, 140 மடங்கில் ஒரு கால் தெரியும், மீதி மங்கல். மலையில் நின்று பார்க்கப் பத்து மடங்குக் கைவில்லையே தோது.

பீலிக்கரைக் கல்லில் படர்ந்த பாசியைப் பிழிந்த தண்ணீர், இந்தக் கருவியின் இன்னொரு வெற்றி. சக்கரம் சுற்றுவது போல வாய்மயிர் அடிக்கும் ரொட்டிபெர்கள், தவழும் நீர்க்கரடி என்ற நுண்ணிய பிராணி, பாசியின் பச்சைப் பட்டைகள் என்று ஒரு மணித்தியாலம் போவது தெரியாது. நீர்க்கரடி நசுங்காமல் இருக்க கவர் ஸ்லிப்பின் நாலு மூலையிலும் வசிலின் பொட்டு வையுங்கள், கடுகை விடச் சிறிய பொட்டு. மிளகுத் தண்ணீரும் ஒரு தடவை பார்க்கலாம். 1676இல் ஒல்லாந்து நாட்டு லீவன்ஹோக் மிளகின் உறைப்பு எங்கிருந்து வருகிறது என்று அறிய அதை ஊறவைத்துப் பார்த்து, உறைப்பைக் காணாமல் பற்றீரியாவைக் கண்டார். அவர் பாவித்ததும் ஒற்றை வில்லைதான். மாத்தளை மிளகு பத்தை நசுக்கி, நாலு நாள் ஊறவிட்டால் போதும். பற்றீரியா இதில் நடுங்கும் புள்ளியாக மட்டும் தெரியும். அதைப் பார்த்து "பீலித் தண்ணீர் சுத்தம்" என்றோ "கெட்டது" என்றோ யாரும் சொல்லிவிடக் கூடாது. நோய்க்கிருமி எது, சாதுவானது எது என்று இந்த வில்லையால் பிரிக்க முடியாது.

நனோ அளவு பற்றிக் கேட்கிற உயர்தர மாணவர்களுக்கு ஒரு தெளிவு வேண்டும். ஜெர்மன் பௌதிகவியலாளர் எர்ன்ஸ்ட் அபே 1873இல் காட்டியபடி, சாதாரண ஒளியால் எவ்வளவு நல்ல வில்லையிலும் 200 நனோமீற்றருக்குக் கீழ் இரண்டு புள்ளிகளைப் பிரிப்பது கடினம். ஒளிக்கோணல், அதாவது ஒளி அலை வளைந்து பரவும் இயல்பு, விடாது. ஃபோல்ட்ஸ்கோப் நிற்பது அந்த எல்லையிலிருந்து பத்து மடங்கு தள்ளி. அது வெளியான அதே 2014இல்தான் அந்த எல்லையை ஒளிர்வு மூலக்கூறுகளால் தாண்டிய பெட்ஸிக், ஹெல், மோர்னர் மூவருக்கும் இரசாயனவியல் நோபல் கிடைத்தது. பேராசிரியர்களின் ஆய்வுகூடங்களில் நனோ உணரியும் நனோ படமும் என்று நடப்பது அந்தப் பாதை. காகிதக் கருவியை அதன் தம்பி என்று சொல்லி விற்பவர்களை நம்ப வேண்டாம்.

ஆனாலும் நனோவின் விளைவைக் காட்ட ஒரு வழி இருக்கிறது. கோயில் மயிற்பீலியின் கண்ணிலிருந்து ஓர் இழையைக் கத்தரித்து வழுக்கியில் வையுங்கள். வழக்கம் போல வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்தால் நீலமும் இல்லை, பச்சையும் இல்லை, வெறும் மண்ணிறம். பிறகு பின்வெளிச்சத்தைக் கையால் மறைத்து, கண் இருக்கும் பக்கத்திலிருந்து டோர்ச்சைச் சாய்த்து அடியுங்கள், நிறம் திரும்பி வரும். இழைக்குள் இருக்கும் சாயம் மண்ணிற மெலனின் மட்டும். அந்த மெலனின் கம்பிகள் நெருங்கி அடுக்கியிருக்கும் இடைவெளியே நிறத்தைப் பிறப்பிக்கிறது, நீலத்துக்கு 140 நனோமீற்றர், பச்சைக்கு 150 அளவில். அந்த இடைவெளியை இந்த வில்லை ஒருநாளும் காட்டாது, அது செய்யும் வேலையைக் காட்டும். வில்லை பொருளுக்கு மிக அருகில் இருப்பதால் சாய்த்து அடிக்கும் ஒளி உள்ளே போகக் கொஞ்சம் பொறுமை வேண்டும், கவர் ஸ்லிப் இல்லாமல் பார்த்தால் சுலபம்.

நோய்ச் சோதனைப் பட்டிகளில் விழும் சிவப்புக் கோடும் அப்படித்தான். பல பட்டிகளில் அந்தச் சிவப்பு 40 நனோமீற்றர் அளவுத் தங்கத் துணிக்கைகளின் நிறம். 140 மடங்கில் வெள்ளைச் சவ்வில் ஊறிய சிவப்புக் கறைதான் தெரியும், துணிக்கை தெரியாது. பாவித்த பட்டியை வெட்டிப் பார்க்க வேண்டாம், அது தொற்றுக் கழிவு.

மலேரியா கண்டுபிடிக்கும் கருவி என்ற பேச்சையும் விட்டுவிடலாம். குருதிப் படலத்தில் ஒட்டுண்ணியை அடையாளம் காண எண்ணெய்த் துளி வைத்துப் பார்க்கும் வில்லையும் 1,000 மடங்கும் வேண்டும். இலங்கை 2016இல் மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றதும் அப்படியான நுணுக்குக்காட்டிகளோடுதான். வகுப்பில் குருதி எடுப்பதே தேவையில்லாத வேலை.

அளவெடுக்க வேண்டுமானால் மோட்டார் வைண்டிங் கடையில் 40 கேஜ் செப்புக் கம்பி ஒரு சாண் கேளுங்கள், சும்மாவே தருவார்கள். இனாமலைச் சுரண்டினால் விட்டம் 0.122 மில்லிமீற்றர். அதை வழுக்கியில் வைத்துப் போனில் ஒரு படம் எடுத்து, அதே சூம் அளவில் வித்தியையும் எடுத்தால் ஒப்பிட்டுக் கணக்குப் போடலாம். சூம் ஒரு பங்கு மாறினாலும் கணக்கு பிழைக்கும்.

போனை ஒட்டுவதில் இன்றைய சிக்கல், பின்னால் மூன்று நாலு வில்லை இருப்பது. வளையத்தை எந்த வில்லையில் ஒட்டினீர்களோ அதைத்தான் போன் பாவிக்கிறதா என்று விரலால் மறைத்துப் பாருங்கள். சில போன்கள் கிட்டப் பொருள் என்று நினைத்துத் தாமாகவே அகலக்கோண வில்லைக்குத் தாவிவிடும், அந்த மக்ரோ வசதியை நிறுத்திவிட வேண்டும். திரையில் நீண்ட நேரம் அழுத்திக் குவியத்தையும் வெளிச்சத்தையும் பூட்டுங்கள். பிறகு தாளை நகர்த்திக் குவியுங்கள். நடுப்பகுதி மட்டும் கூர்மையாக வரும், விளிம்பு வளையும். குண்டு வில்லையின் இயல்பு அது, போனை மாற்றினாலும் போகாது.

விலையை ரூபாயில் எழுதினால் அடுத்த மாதமே பிழையாகிவிடும். 1 டொலர் என்பது பாகங்களின் செலவு, தபாலும் தீர்வையும் வேறு கதை. தனிப் பெட்டி ஒன்று வாங்குவதை விட, பக்கத்துப் பாடசாலைகள் சேர்ந்து வகுப்புப் பெட்டி எடுப்பது தலைக்கு மலிவு. மிச்சக் காசில் உண்மையான கண்ணாடி வழுக்கியும் நூறு கவர் ஸ்லிப்பும் வாங்குங்கள். உடன் வரும் காகித வழுக்கி இலைக்கும் டேப்புக்கும் சரி, தண்ணீர்த் துளிக்குச் சரிவராது.

உயர்தர உயிரியலுக்கு ஒன்றே ஒன்று வாங்கக் காசிருந்தால் 400 மடங்குக் கூட்டு நுணுக்குக்காட்டியை வாங்குங்கள், கலப்பிரிவைப் பார்க்க இது உதவாது. ஆறு முதல் ஒன்பதாம் வகுப்புக்கு ஆளுக்கொன்று கையில் இருப்பதற்கு ஃபோல்ட்ஸ்கோப்பைப் போல வேறில்லை. ஒவ்வொன்றிலும் இலக்கம் எழுதிக் கொடுங்கள். பொருத்தும்போது வெள்ளைத் தட்டுக்குள் வைத்தே பொருத்தச் சொல்லுங்கள். சிமெந்துத் தரையில் விழுந்த 2.38 மில்லிமீற்றர் குண்டை யாரும் தேடி எடுத்ததில்லை.